ஏலத்துக்கும் திராட்சைக்கும் எந்தச் சாறெடுப்பு?

31 டிகிரி செல்சியஸையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டிய கார்பன் டை ஆக்சைடு வாயுவும் அல்ல, திரவமும் அல்ல. வாயுவைப் போல ஊடுருவும். திரவத்தைப் போல எண்ணெயைக் கரைக்கும். அழுத்தம் குறைந்ததும் தானே பிரிந்துவிடுவதால் சாற்றில் கரைப்பான் எச்சம் தங்காது. மருந்துத் தொழிலும் நறுமணத் தொழிலும் இதை நாடுவது அதனால்தான். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கிடைக்கும் எந்த விளைபொருளுக்கு இது ஏற்றது என்பதே கேள்வி.

முதலிடம் ஏலக்காய்க்கு. அதன் மணத்தைத் தரும் சினியோல், டெர்பினைல் அசிடேட் இரண்டும் இதில் எளிதாகக் கரைகின்றன. நீராவி வடிப்பில் நெடுநேரம் வெப்பமும் நீரும் படுவதால் டெர்பினைல் அசிடேட்டில் ஒரு பகுதி சிதைந்து, இனிய மணம் குன்றுகிறது. சுமார் 40 டிகிரி, 100 பார் அளவில் கார்பன் டை ஆக்சைடால் எடுத்தால் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. 300 பாருக்கு ஏற்றினால் கொழுப்பும் நிறமியும் சேர்ந்து வரும். மணம் மட்டும் வேண்டுவோர் குறைந்த அழுத்தத்திலேயே நிற்க வேண்டும். எண்ணெய் விதையில்தான் இருக்கிறது, தோலில் மிகக் குறைவு. போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலை போகாத வெடித்த காயும் நிறம் மங்கிய காயும் இதற்குப் போதும். பச்சை மாறாத பருத்த காயை எண்ணெய்க்கு அனுப்புவது வீண்.

தடை, செலவு. உயர் அழுத்தக் கலனும் பம்பும் விலை மிகுந்தவை. பம்புக்குள் திரவமாகவே வாயு செல்ல வேண்டும். தேனியின் வெயிலோ 31 டிகிரியை எளிதில் தாண்டும். எனவே குளிரூட்டி இல்லாமல் ஆலை ஓடாது. நீராவி வடிகலனையோ உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

திராட்சையின் கதை வேறு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையில் விதை உண்டு. சாறு பிழிந்தபின் மிஞ்சும் விதையை உலர்த்திக் குளிர்முறைச் செக்கில் ஆட்டினாலே நல்ல எண்ணெய் கிடைக்கும். பிண்ணாக்கில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதே குறை. தோலின் ஊதா நிறமியைக் கார்பன் டை ஆக்சைடு தனியே கரைக்காது. அதற்கு நீரும் எத்தனாலும் கலந்த கரைசலே சரி. எத்தனால் வாங்க அரசு உரிமம் வேண்டும்.

சிறு உழவர் குழு ஏலத்துக்கு வடிகலனுடன் தொடங்கலாம். உயர்ந்த மணத்துக்கு நிலையான கொள்முதலாளர் கிடைத்த பிறகே கார்பன் டை ஆக்சைடு ஆலையில் முதலிட வேண்டும். ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சைக்கு இந்த ஆலை தேவையே இல்லை. பழமாகவோ உலர்திராட்சையாகவோ விற்பதே லாபம்.