தேடுபொறியில் தோன்றும் போலிப் பாங்கித் தளங்கள்

பயிர்க்கடன் வட்டியையோ பி.எம். கிசான் தவணையையோ அறிய வேண்டிக் கைப்பேசியில் பாங்கியின் பெயரை எழுதித் தேடுவது விவசாயிகளிடையே வழக்கமாகிவிட்டது. விடைகளுள் முதலில் நிற்பது பல சமயங்களில் பணங்கொடுத்து இடம்பெற்ற விளம்பரமேயாகும். மோசக்காரரும் அவ்விடத்தை வாங்கக்கூடுமாதலின், முதலிடம் நம்பகத்துக்கு அத்தாட்சியன்று.

நெல்லினிடையே வளரும் குதிரைவாலிக் களை கதிர் வாங்கும்வரை பயிரைப்போலவே தோற்றுமன்றோ? போலித் தளமும் அத்தன்மையதே. சின்னமும் நிறமும் ஒத்திருக்கும். வேற்றுமை முகவரியின் முடிவில் மாத்திரம் உண்டு. ரிசர்வ் பாங்கியின் உத்தரவுப்படி இந்தியப் பாங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பாங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. பி.எம். கிசான் தளமோ ‘.கவ்.இன்’ என முடியும். ‘கவ்’ என்பதன் முன் புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு காணப்படின் அது சர்க்கார் தளமன்று. இச்சிறு வேற்றுமையைக் கண் எளிதில் தவறவிடும்.

பாங்கியின் உதவித் தொலைபேசி எண்ணையும் தேடுபொறியில் எடுத்தலாகாது, ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணே உத்தமம். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்பினும் கூறலாகாது.

பணம் போயிற்றெனத் தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். கைமாறிய பணம் வெளியே எடுக்கப்படுமுன் அதனை நிறுத்திவைக்க வழியுண்டு. ஆதலின் கிராம நிர்வாக அலுவலர்கள் முறையிட வருவோரை மனு எழுதிவரும்படி அனுப்பிக் காலம் போக்காது, முதலில் அவ்வெண்ணுக்கே பேசச் செய்வது நலம்.