நல்குரவும் இளமையும் – ஓர் ஆய்வு நோக்கு

வறுமை மனிதனைப் புடம்போடும் என்பது மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் கருத்தாகும். வறுமை மனிதனை முடக்கிவிடும் என்பாரும் உளர். இவ்விரண்டனுள் எது உண்மை என ஆராய்வதற்கு, 1930களில் அமெரிக்க நகரச் சிறுவர்கள் பெற்ற பட்டறிவு பெரிதும் துணைபுரிகின்றது.

1929இல் நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ச்சியுற்றதைத் தொடர்ந்து பெருமந்தம் படர்ந்தது. 1933இல் அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றனர். கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரில், விற்பனையாகாது கிடந்த பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குள் வேலையற்றோர் குடியிருந்தனர். அந்நகரில் வளர்ந்த, 1920, 1921ஆம் ஆண்டுகளில் பிறந்த 167 பேரின் வாழ்வைத் தொடர்ந்து நோக்கிய குறிப்புகளைக் கொண்டு, கிளென் எல்டர் என்னும் சமூகவியலறிஞர் 1974இல் ‘பெருமந்தத்தின் குழந்தைகள்’ எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார்.

வருவாயில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ இழந்த குடும்பங்களை அவர் தனியே பிரித்து நோக்கினார். அக்குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் பலர் சிறு வேலைகள் செய்து பொருளீட்டினர். பெண்பிள்ளைகள் வீட்டுப் பணிகளை ஏற்றனர். தந்தையின் மதிப்புக் குன்ற, தாயின் சொல் ஓங்கிற்று. தம் உழைப்பு இல்லத்திற்கு வேண்டப்படுகின்றது என்னும் உணர்வு அப்பிள்ளைகளிடம் பொறுப்பை வளர்த்தது.

ஆயினும், இதனைக் கொண்டு வறுமையைப் போற்றுதல் பொருந்தாது. பெர்க்கிலி நகரில் 1928, 1929ஆம் ஆண்டுகளில் பிறந்தோரை ஆராய்ந்தபோது வேறொரு நிலை புலப்பட்டது. ஓக்லாந்துப் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தபின் மந்தத்தைச் சந்தித்தனர். இவர்களோ மழலைப் பருவத்திலேயே அதன் பிடியிற் சிக்கினர். குறிப்பாக, ஆண்பிள்ளைகளின் தன்னம்பிக்கையும் கல்வி நாட்டமும் குன்றின. பொருளிழந்த தந்தையின் சினமும் முறையற்ற தண்டனையும் அவர்தம் மனத்தை நலிவுறச் செய்தன. பெற்றோரிடையே அன்பு உறுதியாக நிலவிய இல்லங்களில் இத்தீங்கு குறைந்திருந்தது.

இவ்விருசாராருள்ளும் பலர் பிற்காலத்தில் தலைநிமிர்ந்தனர். அதற்கு வறுமையைக் காரணமாக்குதல் தகாது. போருக்குப்பின் பெருகிய வேலைவாய்ப்பும், முன்னாள் படைவீரர்க்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய கல்வியுதவியும் அவர்களுக்குக் கைகொடுத்தன.

ஆகவே, நல்குரவு தானாக எவரையும் உயர்த்துவதில்லை. தக்க பருவத்தில் நீட்டப்படும் கையே உயர்த்துகின்றது. வாடிய முகத்தோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனிடம் துன்பத்தின் பெருமையைப் பேசுவதினும், அவன் கட்டணத்திற்கு வழிதேடுவதே ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உரிய கடமையாகும்.