உப்பு தங்காத பிள்ளையைப் பார்க்கப் போகிறவளுக்கு

குத்தாலத்துக்கு வேலைக்குப் போகிறாய், கண்ணு. உடம்பில் உப்பு தங்காத கைக்குழந்தை என்றாவது உன்னிடம் வரும். பித்தப்பையில் கல்லும் இருக்கலாம். அந்த நாளுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

1. தாய் பேசி முடிக்கும்வரை பேனாவை எடுக்காதே. "முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குது டாக்டர்" என்றாள் ஒருத்தி, கிளம்பும்போது. அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டியது. குழந்தையின் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, பொட்டாசியம் ஏறியிருந்தது. உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனோ ஏகமாய்ச் சுரந்துகொண்டிருந்தது. அதற்கு உடம்பு செவிசாய்க்கவில்லை. சூடோஹைப்போஆல்டோஸ்டிரோனிசம் என்று பெயர். 1958-இல் சீக், பெர்ரி இருவரும் எழுதி வைத்த நோய்.

2. அபூர்வத்தைத் தேடப்போய் அடிக்கடி வருவதைக் கோட்டை விடாதே. அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறையிலும் இதே போல் உப்பு வடியும். ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் சென்னையில் 2,036 சிசுக்களில் ஒன்றுக்கு அது இருந்தது. அங்கே ஹைட்ரோகார்டிசோன் உயிர் காக்கும், தாமதிக்காதே.

3. ஸ்கேனில் கல் தெரிந்ததும் கத்தியை நினைக்காதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதலில் சொன்ன நோயுள்ள பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி திரும்பத் திரும்ப வரும். அதற்குப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் கால்சியத்தோடு சேர்ந்து பித்தப்பையில் படிந்து, கல் போலவே தெரியும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். நிஜக் கல்லே ஆனாலும், தொல்லை தராதவரை ஸ்கேன் பார்த்துக் காத்திரு. கண் மஞ்சளித்து, மலம் வெளுத்து, காய்ச்சலும் வந்தால் உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பு. அப்போதும் ஒன்றை மறக்காதே: அறுவைக்காக வயிற்றைக் காயப்போடும் அந்தச் சில மணி நேரமே இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. டிரிப்பில் உப்பு ஏறட்டும். கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே அதை எழுது.

4. பாட்டியிடம் பொறுமையாகப் பேசு. ஒரு வயதுக்குள் உப்பு ஆகாது என்று நாமேதான் ஊருக்கெல்லாம் சொல்கிறோம். அந்தக் கிழவி உப்புப் பொட்டலத்தை ஒளித்து வைத்தால் அது பேரன்மேல் உள்ள பாசம். இந்தப் பிள்ளைக்கு உப்புதான் மருந்து என்று திண்ணையில் உட்கார்ந்து சொல். கைக்கு வந்தபடி அள்ளிப் போடாமல், எடை போட்ட பொட்டலமாகவே கொடு.

5. "அக்கா மகளைக் கட்டினதாலதான்" என்று யாரையும் குத்தாதே. இந்த நோயிலேயே உடம்பு முழுவதும் உப்பு வடியும் வகையில், அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; அதைத் தாய் தகப்பன் இருவரையும் உட்காரவைத்துத் தனியே சொல்.

6. வீட்டார் கையில் தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடு. வாந்தியோ பேதியோ, சித்திரை வெயிலில் சோர்வோ வந்தால், ராத்திரி மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் யார் டியூட்டியில் இருந்தாலும், சோடியமும் பொட்டாசியமும் உடனே பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். உன் போன் நம்பரையும் போடு.