எலும்புக்கு எந்த மருந்து?

சென்ற ஐப்பசி மழையில் காரியாபட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்படியில் அப்பத்தா வழுக்கி விழுந்தார்கள். படி ஒரு சாண் உயரந்தான். ஆயினும் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் பெரிய வழக்கே எழுந்தது. பாலும் கேழ்வரகும் போதும் என்றார் பெரியப்பா. ஹார்மோன் மாத்திரை வாங்கலாம் என்றார் சித்தி. அவ்வழக்கைத் தீர்க்கவே இதைப் படிக்கத் தொடங்கினேன்.

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை இடிக்கும் உயிரணுக்களும் புதிதாகக் கட்டும் உயிரணுக்களும் நம் உடலில் ஓயாமல் வேலை செய்கின்றன. இடிப்பவரை அளவோடு நிறுத்தி வைப்பது எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். ஏறக்குறைய ஐம்பது வயதில் மாதவிலக்கு நிற்கும்போது அது குறைகிறது. இடிப்பவர் கை ஓங்குகிறது. எலும்பு மெலிகிறது.

அப்படியானால் குறைந்த ஹார்மோனைக் கொடுத்துவிட்டால் என்ன? சித்தியின் கேள்வியும் இதுதான். பல்லாண்டுகள் உலகெங்கும் அவ்வாறே கொடுத்தார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை 10,000 பெண்கள் ஓராண்டு உண்டால், இடுப்பு முறிவு ஐந்து குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் எட்டும், பக்கவாதம் எட்டும் கூடின. ஆகவே எலும்புக்காக மட்டும் அறுபதைக் கடந்தவர்களுக்கு அதைப் புதிதாகத் தொடங்குவதில்லை. அதற்காக அம்மருந்தே தீது என்று சொல்லிவிடவும் கூடாது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்ணுக்கு, தடை ஏதும் இல்லையெனில், அதுவே தக்க மருந்தாகலாம். அப்பத்தாவுக்கோ வயது எழுபத்திரண்டு.

இனி, நம் வறண்ட சீமைக்கு நெருக்கமான ஒரு கதை. 1937-இல் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகிய மூவர் ஒரு விசித்திர நோயை விவரித்தார்கள். கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடால் மக்களின் முதுகெலும்பு இறுகி, குனியவும் நிமிரவும் முடியாமல் போயிற்று. எக்ஸ்ரே படத்தில் அவர்கள் எலும்பு மெலிந்து தெரியவில்லை. மாறாக, அடர்ந்து தெரிந்தது!

எலும்பை அடர்த்தியாக்கும் பொருளென்றால் அதையே மருந்தாக்கலாமே என்று பின்னாளில் மருத்துவர்கள் எண்ணினார்கள். 1990-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 202 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நான்காண்டுகள் சோடியம் புளோரைடு கொடுத்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடியது. முதுகெலும்பு முறிவோ குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவு ஏறத்தாழ மும்மடங்காயிற்று. அடர்ந்த எலும்பு வேறு, வலிய எலும்பு வேறு. வேகாத செங்கல்லை எத்தனை அடுக்கினாலும் சுவர் நிற்குமா? (படித்ததில் என்னை மிகவும் திகைக்க வைத்தது இதுதான்.) குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் வீட்டார் அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நலம்.

அப்பத்தாவின் மருத்துவர் முதலில் மருந்தே எழுதவில்லை. இரத்தச் சோதனைதான் எழுதினார். எங்களுக்குச் சற்று வருத்தமே. காரணம் பிறகு விளங்கியது. வைட்டமின் டி மிகக் குறைந்தாலும் எலும்பு வலுவிழக்கும். அது எலும்பு மென்மையாகும் வேறு நோய். இரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கும்போது எலும்பு மெலிவுக்கான மருந்தைக் கொடுத்தால் அது இன்னும் இறங்கிவிடும். சிறுநீரகம் பழுதுற்றிருந்தால் சில மருந்துகள் ஆகவே ஆகா. அப்பத்தாவுக்கு வைட்டமின் டி குறைவாகவே இருந்தது. அதைச் சரிசெய்த பின்னரே அலென்ட்ரோனேட் என்னும் மாத்திரையைத் தொடங்கினார். இடிப்பவரைத் தடுப்பது இதன் வேலை. சில ஆண்டுகள் கழித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று மீண்டும் பார்ப்பாராம். நெடுங்காலம் உண்டால் அரிதாகத் தொடையெலும்பிலேயே முறிவு வருவதுண்டு. ஆறு மாதத்திற்கொருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசியும் உண்டு. ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறியக்கூடும். தவறாமல் வந்து போட முடியாதவர்களுக்கு அது ஏற்றதன்று.

பெரியப்பா தோற்றாரா? முழுக்க இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. முறிந்த பின் உணவு மட்டும் போதாது, அவ்வளவுதான். எலும்பு பெரும்பாலும் நம் வயதில்தான் சேர்கிறது. கூழைக் கண்டு முகஞ்சுளிக்கும் தோழியர் இதைக் கவனிக்க.

மாத்திரை வாரத்திற்கு ஒன்று. ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பின் அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, எதையும் உண்ணவும் கூடாது. உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். காப்பியோடு விழுங்கினால் உடலில் சேராது. அப்பத்தா திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார்கள். கடிகாரம் என் பொறுப்பு. "முடிஞ்சுதா தாயி?" என்பார்கள். "இன்னும் பத்து நிமிஷம் அப்பத்தா" என்பேன். அடுக்களையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும்.