பெருங்குடலை நீக்கும் அறுவைச் சிகிச்சை: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டுவன

கிராமங்களில் வயிற்றைக் கீறும் சிகிச்சை என்றாலே அச்சம் மிகுதி. குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டாலோ, அத்துடன் ஊர் திரும்பிவிடுவோர் பலர். கறவை மாட்டை விற்று நாட்டு மருந்துக்குச் செலவிடுவர்; மருத்துவமனைப் படியை மட்டும் மீண்டும் மிதிக்கமாட்டார். “அறுத்தால் பிழைக்கமாட்டான், பிழைத்தாலும் வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்க முடியுமா?” என்ற கேள்வியை நம் வட்டாரச் சுற்றுப்பயணத்தின்போது பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு விடை கூறுமுன், பெருங்குடல் என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

உணவு செரிப்பதும், அதன் சத்து இரத்தத்தில் சேர்வதும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே நிகழ்கின்றன. சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி நீளமுடையது. அதன் முடிவில், வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கும் பெருங்குடலோ ஏறக்குறைய 5 அடியே. அது வலப்புறமாக மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாக இறங்கி மலவாயை அடைகிறது. செரித்து எஞ்சிய கூழிலிருந்து நீரையும் உப்பையும் உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குவதே அதன் முக்கிய வேலை. ஆதலால் அதில் ஒரு பகுதியை எடுத்தாலும், முழுவதையுமே எடுத்தாலும், மனிதன் உண்டு செரித்து உயிர் வாழ முடியும். நீரையும் உப்பையும் காத்துவந்த காவலாளி இல்லை என்பதை மட்டும் மறத்தலாகாது.

இச்சிகிச்சை தேவைப்படுவதற்குக் காரணங்கள் பல. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத குடற்புண் நோய், குடல் முறுக்கிக்கொள்ளுதல், சில குடும்பங்களில் வழிவழியாகத் தோன்றும் எண்ணற்ற சதைக் கட்டிகள் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் புற்றுநோயைப் பற்றியே இங்கு மிகுதியாகக் கூற வேண்டியுள்ளது. ஏனெனில் அதில்தான் காலதாமதம் உயிரைக் குடிக்கிறது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்துகொள்வது நம் மக்களின் வழக்கம். மூலத்தை மூன்று நாளில் குணமாக்குவதாகச் சுவரில் எழுதிவைத்திருப்பவரிடம் மாதக்கணக்கில் களிம்பு வாங்குவோரும் உளர். மூலமாக இருக்கலாம், ஆனால் டாக்டர் சோதித்துப் பார்த்த பிறகே அப்படிச் சொல்லத்தகும். மலம் கழியும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவையும் கவனிக்கத்தக்கன. வலப்பக்கப் பெருங்குடலில் நோய் இருப்பின் கண்ணுக்கு இரத்தம் தெரியாமலே போகலாம். சோகையும் களைப்புமே அதன் அடையாளம். நன்றாக உழைத்துக்கொண்டிருந்த நடுத்தர வயது ஆண் காரணமின்றிச் சோகையுற்றால், இரும்புச்சத்து மாத்திரையோடு நின்றுவிடாமல் குடலையும் சோதிக்கும்படி கேட்க வேண்டும்.

சிகிச்சையின்போது நோயுற்ற பகுதியை நீக்கி, எஞ்சிய இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுகின்றனர். பெரும்பாலானவர்க்குப் பழைய வழியிலேயே மலம் கழியும், பையே தேவைப்படாது. தையல் மலவாய்க்கு அருகில் தாழ்வாக அமையும்போதும், நோயாளி மிகவும் நலிந்திருக்கும்போதும், குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் திறந்துவிட்டு அதன்மீது பை பொருத்துவர். வாய்க்கால் கரை உடைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கரையைக் கட்டியதும் தண்ணீரை விட்டுவிடுவதில்லை. மண் இறுகும்வரை மேலே ஓரிடத்தில் வெட்டி வேறு வழியில் திருப்பிவிடுகிறோம். இத்திறப்பும் பல நேரங்களில் அத்தகையதே. தையல் ஆறியபின், சில மாதங்கள் கழித்து, அதை மூடிவிடுவர். மலவாயையே நீக்க வேண்டி வந்தவர்க்கு மட்டும் அது நிலையாக இருக்கும். ஆகவே பை என்றதும் எழுந்து வந்துவிடாமல், “எனக்குப் பை தேவையா? தேவையானால் எவ்வளவு காலத்துக்கு?” என்று டாக்டரிடம் நேராகவே கேட்டல் நன்று.

பையைப் பற்றியும் ஒரு சொல். டென்மார்க் நாட்டில் எலிஸ் சோரென்சன் என்னும் தாதி, இவ்வாறு சிகிச்சை பெற்ற தம் தங்கை வெளியே செல்லவும் கூசி வீட்டிலேயே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை 1954 ஆம் ஆண்டு வகுத்தார். இன்றைய பைகள் யாவும் அவ்வழி வந்தவை. ஒழுங்காகப் பொருத்தினால் நாற்றம் வெளிவராது, சட்டைக்குள் இருப்பது பிறர்க்குத் தெரியாது, பையோடு குளிக்கலாம். திறப்பு சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிவதும் இயல்பே. அது கருத்துப்போனால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு முன் செய்யத்தக்கவை சில. பீடி, சிகரெட்டு ஆகியவற்றை நாலு வாரத்துக்கு முன்பேனும் விட்டுவிட வேண்டும். புகைப்பவரின் தையல் எளிதில் ஆறாது. சர்க்கரை நோய்க்கோ, இரத்தம் உறையாதிருப்பதற்கோ மாத்திரை உண்பவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பை பொருத்தக்கூடும் என்று தெரிந்தால், வேட்டியோ புடவையோ கட்டும் இடத்தை, உட்கார்ந்தும் நின்றும் முன்கூட்டியே காட்டுவது அவசியம். இடுப்புக் கட்டுக்கும் தோல் மடிப்புக்கும் விலகி, நோயாளி தாமே குனிந்து பார்க்கக்கூடிய இடத்தில் மையால் குறித்துவிடுவர். இச்சிறு வேலையைத் தவறவிட்டால், பின்னர் மண்வெட்டி பிடிக்கும்போதெல்லாம் பை நழுவும்.

சிகிச்சை முடிந்த மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வர். உறவினர் இதைக் கொடுமை என்று எண்ணித் தடுக்கின்றனர்; நடப்பதனால் நுரையீரலில் சளி கட்டுவதும் காலில் இரத்தம் உறைவதும் குறைகின்றன. முதல் இரண்டு வாரங்களில் அஞ்ச வேண்டுவது தையல் விட்டுக் கசிவதேயாகும். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, படபடப்பு, வயிறு உப்பி வாந்தி வருதல் ஆகியவை காணின், விடியட்டும் என்று காத்திராமல் சிகிச்சை செய்த இடத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம்வரை 5 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தூக்கலாகாது. நெல் மூட்டையை வேறொருவர் சுமக்கட்டும். பின்னர் டாக்டரின் சொற்படி படிப்படியாக வயல் வேலைக்குத் திரும்பலாம். திறப்பு உள்ளவர் பெரும்பாரங்களை எப்போதும் தவிர்த்தலே நலம்.

இனி, நீரும் உப்பும். சிறுகுடலின் கடைசியில் திறப்பு அமைந்தவர்க்குக் கழிவு எப்போதும் நீராகவே வரும். நாளொன்றுக்கு அரை முதல் ஒரு லிட்டர்வரை வருவது இயல்பு; அதனோடு உப்பும் போகிறது. சித்திரை வெயிலில் வேலை செய்பவர் வியர்வையாலும் இழப்பார். தாகம் என்று வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் கழிவு இன்னும் பெருகி, உப்பு மேலும் குறையும். இளநீரில் சோடியம் உப்பு மிகக் குறைவாதலால் அதை மட்டும் நம்புவதும் போதாது. உப்பிட்ட கஞ்சியும் உப்பிட்ட மோரும் நல்லவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கலந்து வைத்துக்கொள்ளலாம். பொட்டலம் இல்லையெனில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் எவ்வளவு அருந்தலாம் என்பதை டாக்டரிடம் கேட்டறிய வேண்டும். சிறுநீர் குறைந்து நிறம் அடர்தல், கெண்டைக்கால் பிடித்தல், எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இடப்பக்கப் பெருங்குடலில் திறப்பு உள்ளவர்க்கு மலம் ஓரளவு கெட்டியாகவே வருவதால் இத்தொல்லை குறைவு.

உணவில் பெரிய பத்தியம் இல்லை. முதற்சில வாரங்கள் குழைந்த சோறு, இட்டிலி, தயிர், முட்டை, மீன் என்று சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணலாம். சிறுகுடல் திறப்பு உள்ளவர் தேங்காய்ச் சில்லு, நிலக்கடலை, சோளம், காளான், வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை ஆகியவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நன்கு மெல்லாமல் விழுங்கினால் திறப்பை அடைத்துக்கொள்ளும்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை பாதுகாப்பு உண்டு. இதில் சேர்வதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். நோய் வந்தபின் அதற்கு அலைவதைவிட, அட்டையில்லாத குடும்பங்களைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இப்போதே கணக்கெடுத்தல் நன்று. பைகள் எங்கே கிடைக்கும், மாதம் எவ்வளவு ஆகும் என்பதை வீடு திரும்புமுன் கேட்டறிய வேண்டும். பை வைத்திருப்பவர் வீட்டில் கழிப்பிடமும் தண்ணீரும் இன்றியமையாதவை. பையை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கழிப்பிடத்தில் கவிழ்த்துக் கழுவ வேண்டியிருப்பதால், அத்தகைய வீட்டிற்குக் குடிநீர் இணைப்பில் முதலிடம் அளிப்பது முறையே. கழற்றிய பையை உறையிலிட்டுக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் தரலாம், வாய்க்காலில் எறியலாகாது.

புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றவர், எடுத்த பகுதியின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அருகிலுள்ள நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தால் மருந்துச் சிகிச்சையும் தேவைப்படும். காயம் ஆறிவிட்டதே என்று அதைத் தள்ளிப்போடலாகாது. ஓராண்டு கழித்துக் குடலை உள்நோக்கிக் கருவியால் மறுபடியும் பார்க்க வேண்டும். நோயாளியின் உடன்பிறந்தாரும் மக்களும் இச்சோதனையை 40 வயதிலோ, குடும்பத்தில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது செய்துகொள்ளுதல் வேண்டும். தகப்பனாருக்கு 45 வயதில் கண்டிருந்தால், மகனுக்கும் மகளுக்கும் 35 வயதிலேயே செய்ய வேண்டும்.