அரிதாளில் கோதுமை

கோதுமை நம் பயிரன்று. ஆயினும் குறுவை அறுத்துத் தாளடி நடும் நம் அங்கத்தினர்கள், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த வயலில் கோதுமை விதைப்போரின் அனுபவத்தை அறிந்துகொள்வது நலம்.

அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அவகாசம் குறைவு. நவம்பர் நடுவுக்குள் விதைக்காவிடில், மணி முற்றும் பருவத்தில் வெப்பம் தாக்கி மகசூல் குன்றும். அறுவடை யந்திரமோ தாளையும் வைக்கோலையும் வயலிலேயே விட்டுச் செல்கிறது. அவசரத்தில் பலர் தீயிடுகின்றனர். ஒரு டன் வைக்கோலை எரித்தால் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து வீணாகிறது.

உழுது புதைத்தால் என்ன? வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளிக்கும். ஆதலின் விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே, ஈரம் இருக்கையில் புதைத்தல் வேண்டும். அதற்குக் காலம் இல்லையேல் உழாமலே விதைப்பது மேல்.

இதற்கென ‘ஹாப்பி சீடர்’ என்னும் யந்திரம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தாரும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து உருவாக்கியது. அது தாளை வெட்டி ஒதுக்கி, விதையையும் அடியுரத்தையும் மண்ணில் இட்டு, வைக்கோலை மேலே போர்வையாகப் பரப்புகிறது. ஈரம் காக்கப்படுகிறது, களை குறைகிறது, உழவுச் செலவு மிஞ்சுகிறது. வைக்கோல் குவியலாகக் கிடந்தால் மட்டும் முளைப்பு கெடும். முன்னரே சீராகப் பரப்பிவிட வேண்டும்.

உரமிடும் முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். வைக்கோலின்மேல் யூரியாவைத் தூவி வாளாவிருந்தால் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். பாசனத்திற்குச் சற்று முன் தூவினால் நீர் அதனை வேருக்குக் கொண்டு சேர்க்கும்.

முதல் ஆண்டிலேயே மகசூல் பெருகும் என்று எண்ணலாகாது. முதலில் கைகூடுவது செலவின் சிக்கனமே. மண்ணின் வளம் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேரும்.

இந்த யந்திரத்திற்கு ஆண்டில் சில வாரங்களே வேலை. அதனைச் சிறு விவசாயி தனியே வாங்குதல் அரிது. 2018இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் தனி விவசாயிக்கு விலையில் பாதியும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூற்றுக்கு 80 வரையும் மானியம் வைக்கப்பட்டது. சங்கம் வாங்கி அங்கத்தினருக்கு முறைவைத்து வாடகைக்கு விடுவதே அங்கே சிறு நிலத்தாருக்கு வழியாயிற்று.

நாம் கொள்ளத்தக்க பாடம் இது: தாளை என்ன செய்வது என்பதையும், உரத்தை எப்போது இடுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்க. நடவுக்கு முந்தின நாள் பச்சை வைக்கோலை மிதித்துவிட்டு, பயிர் மஞ்சளித்தபின் உரத்தைக் குறை கூறுவதில் பயனில்லை.