எம்.எஸ். படிப்பில் எத்தனை பாடம்? பி.எச்டி. நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கச் செல்லும் பிள்ளைகளில் சிலர், அதற்குப் பின் பி.எச்டி. சேரவும் நிய்யத்து வைத்திருக்கிறார்கள். நகையை விற்று, கடன் வாங்கி அனுப்பிய வீட்டிலோ, ஒரு செமஸ்டர் முன்னதாக முடித்தால் செலவு குறையுமே என்ற கவலை. இரண்டும் நியாயமே. ஆனால் ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்ற இடத்தில் இவை மோதிக்கொள்கின்றன. எனவே இந்த இதழின் கல்விப் பகுதியில் அதையே பார்ப்போம்.

நேரக் கணக்கு

எம்.எஸ். பட்டத்துக்குப் பெரும்பாலும் 30 கிரெடிட் தேவை. ஒரு பாடம் பொதுவாக 3 கிரெடிட்; ஆக 10 பாடங்கள். பல பல்கலைக்கழகங்களில் 9 கிரெடிட், அதாவது மூன்று பாடம் எடுத்தாலே முழுநேர மாணவர்.

ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, குறைந்தது 2 மணி நேரம் வெளியே படிப்பு என்பது அங்குள்ள கணக்கு. மூன்று பாடத்துக்கு வாரம் 27 மணி நேரம். நான்கு பாடத்துக்கு 36. பல்கலைக்கழக வளாகத்தில் வேலை பார்க்கும் மாணவருக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில் உச்ச வரம்பு வாரம் 20 மணி நேரம். நான்கு பாடமும் இந்த வேலையும் சேர்ந்தால் 56 மணி நேரம் போய்விடும். இதற்கு மேல் ஆய்வகத்துக்கு எந்த நேரத்தில் போவது?

விண்ணப்பக் காலம்

ஒரு மாணவர் ஆகஸ்டில் எம்.எஸ். சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எச்டி. விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் அடுத்த ஆண்டு டிசம்பரில் வரும். அப்போது அவர் கையில் இருப்பது இரண்டு செமஸ்டர் மதிப்பெண் மட்டும். மூன்றாவது செமஸ்டரின் முடிவு வந்திருக்காது.

ஆகவே அந்த முதல் இரண்டு செமஸ்டர்களும், நடுவில் வரும் கோடை விடுமுறையும்தான் அவரைப் பற்றிப் பேசப்போகின்றன. புதிய ஊர், புதிய பாடமுறை. முதல் செமஸ்டரிலேயே நான்கு பாடத்தைச் சுமந்து மதிப்பெண் சரிந்தால், அதை ஈடுகட்ட ஒரே ஒரு செமஸ்டர்தான் மிச்சம். பாதியில் விலகிய பாடமும் பல இடங்களில் 'டபிள்யூ' என்ற குறியோடு மதிப்பெண் பட்டியலில் நிற்கும்.

பேராசிரியர்கள் பார்ப்பது

பி.எச்டி.க்கு ஆள் எடுப்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள். நான்கைந்து வருடம் ஓர் ஆய்வை இழுத்துக்கொண்டு போகக்கூடியவரா இந்தப் பிள்ளை என்பதே அவர்கள் கேள்வி. எத்தனை பாடம் எடுத்தார் என்று எண்ணி யாரும் கூடுதல் மதிப்பெண் தருவதில்லை. ஆனால் எந்தப் பாடம் எடுத்தார் என்று பார்க்கிறார்கள். பொருளாதாரத்தில் பி.எச்டி. கேட்பவரிடம் கணிதப் பாடங்கள், குறிப்பாக ரியல் அனாலிசிஸ், இருக்கிறதா என்று தேடுவார்கள். எளிய பாடங்களில் குவித்த 'ஏ'க்கள் அதற்கு ஈடாகாது.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். வழக்கமாக மூன்று கேட்பார்கள். "என் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினார்" என்ற கடிதத்துக்கு மதிப்பு குறைவு. "என்னோடு ஆய்வு செய்தார், தோற்ற சோதனையைத் தானே திருத்தினார்" என்ற கடிதமே எடுபடும். பேராசிரியர் பிள்ளையை அருகில் பார்த்திருந்தால்தான் இப்படி எழுத முடியும். அதற்கு நேரம் வேண்டும். நான்காவது பாடம் பெரும்பாலும் தின்றுவிடுவது இந்த நேரத்தைத்தான்.

குறைத்தாலும் சிக்கல்

இதைப் படித்துவிட்டு இரண்டு பாடம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேரச் சுமையை எடுத்தே ஆக வேண்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். படிப்புச் சிரமத்துக்காகக் குறைக்கும் அனுமதி ஒரு பட்ட நிலைக்கு ஒருமுறைதான். மருத்துவக் காரணத்துக்கும் கடைசி செமஸ்டருக்கும் தனி விதிகள் உண்டு.

பல துறைகளில் ஆய்வேடு எழுதும் எம்.எஸ். வழியும் உண்டு. அதில் ஆய்வுக்கே சில கிரெடிட் கிடைக்கும். முழுநேரச் சுமையும் நிறையும், ஆய்வும் நடக்கும். பி.எச்டி. எண்ணம் உள்ளவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

பணக் கணக்கு

சில பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. அங்கே 30 கிரெடிட்டை மூன்று செமஸ்டரில் முடித்தாலும் நான்கில் முடித்தாலும் பாடக் கட்டணம் ஒன்றே. மிச்சமாவது வாடகை, சாப்பாடு, மற்றச் சில கட்டணங்கள். வேறு சில இடங்களில் செமஸ்டருக்கு மொத்தத் தொகை. அங்கே மிச்சம் பெரிது. இதை அறியாமல் அவசரப்படக் கூடாது.

மறுபுறம், அறிவியல், பொறியியல் துறைகளில் பி.எச்டி.க்குப் பொதுவாகக் கட்டண விலக்கும் மாதாந்திர உதவித்தொகையும் கிடைக்கின்றன. ஒரு செமஸ்டர் செலவை மிச்சம் பிடிக்கப்போய் அந்த வாய்ப்பை இழந்தால் அது லாபம் ஆகாது.

இன்னொன்று: நான்கு வருட பி.இ., பி.டெக். முடித்தவர்களை எம்.எஸ். இல்லாமலே நேரடியாகப் பி.எச்டி.க்கு எடுக்கும் துறைகள் அங்கே ஏராளம். இங்கேயே நல்ல ஆய்வு அனுபவம் பெற்ற பிள்ளை அதற்கும் விண்ணப்பிக்கலாம். கடன் சுமையும், வட்டி என்ற பேச்சும் இல்லாமல் போகும்.

சுருக்கமாக

1. முதல் செமஸ்டரில் மூன்று பாடம் போதும்.
2. அதில் ஒன்றாவது, எந்தப் பேராசிரியரிடம் ஆய்வு செய்ய விருப்பமோ அவருடைய பாடமாக இருக்கட்டும்.
3. இரண்டாவது செமஸ்டருக்குள் ஆய்வில் சேர்ந்து, கோடையை அதற்கே கொடுக்க வேண்டும்.
4. பி.எச்டி. எண்ணமே இல்லை, வேலைதான் நோக்கம் என்றால், தாங்கக்கூடிய பிள்ளை நான்கு பாடம் எடுத்து முன்னதாக முடிப்பதில் தவறில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எப்போது முடியும்?" என்று கேட்பதற்கு முன், "எதற்காகப் படிக்கிறாய்?" என்று பிள்ளையிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். பயணத்துக்கு முன்பே பேசிவிட்டால், அங்கே போன பிறகு பிள்ளை தனியாக முடிவெடுத்துத் தவிக்க வேண்டியிருக்காது.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.